கோசோங் வாரம்

இரண்டு மாதத்துக்கு முன் புக்கிட் பெலிம்பிங் தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். என்னைப் பார்த்ததும் மூலை மேசையில் இருந்த ஓர் அக்கா, கையிலிருந்த தே தாரேக் தேநீர்க் கிளாஸை அப்படியே மேசைக்கு அடியில் இறக்கினார்.

என்னைப் பார்த்து யாரும் எதையும் ஒளிப்பது வழக்கமில்லை. நான் போலீஸா? வரி இலாகாவா? ஒரு காலத்தில் தாதி. இப்போது மருத்துவ ஆய்வு செய்ய வரும் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். மீதி நேரத்தில் வாராவாரம் பத்திரிகையின் இந்த மூலையில் உட்கார்ந்து உங்களோடு வம்பளப்பவள். இதில் பயப்பட என்ன இருக்கிறது?

ஆனால் அந்த அக்கா பயந்துவிட்டார். அவருக்கு லூர்துமேரி என்று பெயர் வைத்துக்கொள்வோம். நிஜப் பெயர் அதுவல்ல. ஆய்வில் பேசியவர்களின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு நானே மீறினால் நன்றாகவா இருக்கும்?

லூர்துமேரி அக்காவுக்குப் பல வருஷமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். எங்கள் ஆய்வில் பழக்கமானவர், அட்டவணையில் அவர்தான் முதலிடம். மாதாமாதம் விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சீனி அளவு அவ்வளவு ஒழுங்காக இருக்கும். அப்படிப்பட்டவர் முன்னால் தட்டில் எண்ணெயில் பொரித்த இரண்டு கரிபாப். அவர் ஒளிப்பதற்குள் நான் பார்த்துவிட்ட கிளாஸில், அடியில் இனிப்பான டின் பால் ஒரு விரற்கடைக்குத் தங்கியிருந்தது.

என் பையிலோ, ‘இந்தத் தோட்டத்தில் இனிப்பு நீர் நல்ல கட்டுப்பாட்டில் உள்ளது’ என்று முடியும் அறிக்கை. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து. பக்கத்தில் ‘மிக அருமை’ என்று வேறு எழுதியிருந்தேன்!

சரி, விஷயத்தைக் கொஞ்சம் முன்னால் இருந்தே சொல்லிவிடுகிறேன்.

அக்கா வசிக்கும் அந்தச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு மாதம் ஒருமுறை ஓர் அறநிறுவனத்தின் மருத்துவ வேன் வருகிறது. ஒரு டாக்டர், ஒரு தாதி, நான்கைந்து மருந்துப் பெட்டிகள். பாலாய் ராயாவில் — அதுதான் அங்கே பொது மண்டபம் — மேசை போட்டு எல்லாரையும் பார்த்துவிட்டுப் போவார்கள். தோட்டத்திலிருந்து கிளினிக்குக்கு நேரடி பஸ் இல்லை. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் பிள்ளைகள் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மிஞ்சும் வயதானவர்களுக்கும், வெளிக்காட்டில் உரம் போடும் வேலைக்குப் போகிற பெண்களுக்கும் அந்த வேன்தான் ஆஸ்பத்திரி.

நிறுவனத்திடம் இருப்பது ஒரே வேன். செரண்டாவில் ஃபேக்டரி ஆட்களும் கேட்கிறார்கள். ஷிஃப்டு வேலை, தூக்கம் கெட்ட உடம்பு, அவர்கள் கேட்பதும் நியாயம்தான். செயற்குழு யோசித்தது. தோட்டத்து ஆட்கள் நன்றாக இருந்தால் அங்கே நான்கு மாதத்துக்கு ஒருமுறை போனால் போதாதா? நன்றாக இருக்கிறார்களா என்று ஆய்வு செய்து சொல்லுங்கள் என்று வேலையை எங்களிடம் கொடுத்தார்கள்.

எங்கள் துறையில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று எண் கட்சி. எத்தனை பேர், எவ்வளவு, கூடியதா குறைந்ததா என்று கேட்பவர்கள். இன்னொன்று பேச்சுக் கட்சி. ஏன், எப்படி, உங்களுக்கு அது எப்படி இருந்தது என்று கேட்பவர்கள். இவர்கள் அவர்களை ‘கால்குலேட்டர்’ என்பார்கள். அவர்கள் இவர்களை ‘கதை கேட்கிற கூட்டம்’ என்பார்கள். இரண்டு கட்சியையும் ஒரே மேசையில் உட்காரவைத்து ஒரே ஆய்வைச் செய்யவைப்பதுதான் என் பிழைப்பு. பல வருஷமாகப் பார்க்கிறேன்... கூட்டணி இன்னும் உறுதியாகவில்லை.

இந்த வேலைக்கு ஷாமினியையும் அந்தோணியையும் அனுப்பினேன். ஷாமினி எண் கட்சி. பட்டியலில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. அந்தோணி பேச்சுக் கட்சி. சுங்கை சோவில் வளர்ந்தவன். அவன் அப்பா அம்மா தோட்டத்தை விட்டு வந்தவர்கள் என்பதால் யாரோடும் ஐந்து நிமிஷத்தில் உறவுமுறை கண்டுபிடித்துவிடுவான்.

பொதுவாக இப்படி இருவரைச் சேர்த்து அனுப்பினால் என்ன நடக்கும் தெரியுமா? அறிக்கையின் முன்பாதி முழுக்க அட்டவணை. பின்பாதி முழுக்க ‘ஒரு பெண்மணி கூறியதாவது’. நடுவில் ஒரு ஸ்டேப்ளர் முள். கேட்டால், இரண்டு முறைகளையும் இணைத்துவிட்டோம் என்பார்கள். இணைத்தது யார்? ஸ்டேப்ளர்தானே!

இந்த முறை அப்படியில்லை என்று பெருமைப்பட்டேன். ஷாமினி ஆறு மாத அளவுகளை எடுத்துப் பார்த்தாள் — பெரும்பாலோர் நல்ல நிலை. ‘மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?’ என்ற கேள்விக்கு எல்லாருமே ‘ஆம்’. அந்தோணி ஆள் ஆளாக உட்காரவைத்துப் பேசினான். எல்லாரும் நன்றாக இருப்பதாகவும் வேனில் வருகிறவர்கள் தங்கமானவர்கள் என்றும் சொன்னார்கள். எண்ணும் பேச்சும் ஒன்றையே சொல்லின. இரண்டு பக்கமிருந்து பார்த்து ஒரே விடை வந்தால் நம்பலாம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். நம்பினேன். கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை செயற்குழுக் கூட்டம். அதற்கு முன் தோட்டத்து ஆட்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். வழியில் தாகமாக இருந்ததால் அந்தக் கடையில் வண்டியை நிறுத்தினேன். மீதி உங்களுக்குத் தெரியும்.

கிளாஸ் மேசைக்கு அடியில் போனதைப் பார்த்துக் கடைக்காரர் ஜமால் பாய் (இதுவும் நான் வைத்த பெயர்தான்) சிரித்துவிட்டார்.

“எடுத்துக் குடிங்கக்கா, ஆறிடும். மிஸ்ஸி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க,” என்றார். பிறகு என்னிடம் திரும்பி, “இது கோசோங் வாரம் இல்ல லா மிஸ்ஸி,” என்றார்.

தோட்டத்துப் பக்கம் தாதியை மிஸ்ஸி என்பார்கள். நான் வெள்ளைச் சட்டையைக் கழற்றி வருஷக்கணக்காகியும் அந்தப் பெயர் போகவில்லை. சீனி போடாத தே என்றால் கோசோங். இது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதென்ன கோசோங் வாரம்?

பாய் சாவகாசமாகச் சொன்னார். வேன் வருகிற வாரம் பிறந்தால் தோட்டத்திலிருந்து வருகிற அத்தனை பேரும் கோசோங்தான் கேட்பார்களாம். கரிபாப்பை யாரும் சீந்த மாட்டார்களாம். ரொட்டி சானாய்க்கு மாவே குறைத்துத்தான் பிசைவாராம். வேனுக்கு முந்தின நாள் பலர் கடைப் பக்கமே வருவதில்லை, வீட்டில் பட்டினி. வேன் போன மத்தியானம் பார்க்க வேண்டும் மிஸ்ஸி, கை ஓயாது என்றார். டாக்டர் வருகிற தேதி எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

லூர்துமேரி அக்காவின் மேசையிலேயே உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு தே சொன்னேன், சீனி போட்டே. அதைப் பார்த்த பிறகுதான் அக்காவின் கிளாஸ் மேலே வந்தது.

திட்டுக்குப் பயந்து செய்கிறீர்களா என்று கேட்டேன். அதுவும்தான் என்றார். மண்டபத்தில் விசிறிச் சத்தம் அதிகம். தாதி விரலில் குத்தி அளவைப் பார்த்து, எழுதுகிறவர் காதில் விழட்டும் என்று உரக்கச் சொல்லுவார். எழுதுகிறவர் காதில் மட்டுமா விழும்? லயம் முழுக்க விழும். குறைவாக இருந்தால் ‘வெரி குட்’. கூடியிருந்தால், எத்தனை தடவை சொல்வது என்று ஒரு பாட்டு. அந்தத் தாதி நல்ல பெண். அவர் செய்ததைத்தான் நானும் என் காலத்தில் செய்தேன். ஒருநாளும் யோசித்ததில்லை.

ஆனால் அக்கா சொன்ன பெரிய காரணம் வேறு. அதை அவர் வாயாலேயே கேளுங்கள்.

“மொத புள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக்கொட்டாய மூடுனாங்க. புள்ளைங்க கொறஞ்சிருச்சின்னாங்க. அப்புறம் தோட்டத்து ஆஸ்பத்திரி. அப்புறம் ஸ்கூலு, ரிசல்ட்டு சரியில்லன்னாங்க. இங்க எது நல்லா இல்லையோ அத எடுத்துருவாங்க மிஸ்ஸி. இந்த வேனும் போயிட்டா நாங்க எங்க போறது? அதான் நம்பர நல்லாக் காட்டறோம். நல்லா இருந்தாத்தான வருவாங்க?”

நன்றாக இருப்பதால் வேன் இனி அடிக்கடி வர வேண்டாம் என்று எழுதிய காகிதம் என் மடியில் இருந்த பைக்குள் இருக்கிறது. வேனைக் காப்பாற்ற அவர்கள் பட்டினி கிடந்து உண்டாக்கிய எண். அந்த எண்ணை வைத்தே வேனைக் குறைக்கப் போகிறோம். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று தேயைச் சூடாகவே விழுங்கினேன்.

நன்றி சொல்லப் போனவள் சொல்லாமலே திரும்பினேன். அன்று சாயங்காலமே பயிற்சி அறையில் இருவரையும் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன்.

அந்தோணி இடிந்துபோனான். ஒரு மணி நேரம் அதே அக்காவிடம் பேசியவன் அவன். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று அவர் சொன்னதை நம்பி எழுதியவன். எங்கே உட்கார்ந்து பேசினாய் என்று கேட்டேன். மண்டபத்தில்தான், தாதியின் மேசைக்கு இரண்டு நாற்காலி தள்ளி என்றான். அந்த இடத்தை ஏற்பாடு செய்தது யார்? அடியேன்தான். நாற்காலியும் விசிறியும் இருக்கிறதே என்று.

அதாவது, எண்ணையும் எடுத்தது வேன் வரும் கிளினிக் நாளில். பேச்சையும் எடுத்தது கிளினிக் நாளில். இரண்டு கண்ணையும் ஒரே ஓட்டையில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமிருந்தும் பார்த்தோம் என்று சொல்லியிருக்கிறோம். ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

ஷாமினி மட்டும் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

“மேடம், ஒரு கிளாஸ் தே டேட்டா இல்ல. ஒரு அக்கா, ஒரு கடைக்காரர். இத வச்சி ரிப்போர்ட்ட மாத்துனா அதுவும் தப்புதானே?”

கோபம் சுருக்கென்று ஏறியது. இறங்கியதும் தெரிந்தது, அவள் சொல்வதுதான் சரி. ஒருவர் மனதைத் தொடும்படி பேசிவிட்டால் ஊரே அப்படித்தான் என்று எழுதிவிடுவது என் பழைய நோய். எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள், எத்தனை நாள், அதனால் உடம்புக்கு என்ன ஆகிறது? எண்ணாமல் எப்படித் தெரியும்?

செயற்குழுத் தலைவருக்குப் போன் செய்தேன். அறிக்கை தவறு, மூன்று வாரம் வேண்டும் என்றேன். எல்லாருக்கும் அனுப்பியாகிவிட்டதே என்றார். திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார். அதனால்தான் நானே பேசுகிறேன் என்றேன். கடைசியில் அடுத்த கிளினிக் நாள் முடிந்த வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கொடுத்தார். அந்தத் தேதியைத் தாண்டினால் பழைய அறிக்கைதான் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

தாண்டுவதாக இல்லை!

இந்த முறை வேலையை ஸ்டேப்ளரிடம் விடவில்லை. முதலில் அந்தோணி போனான். மண்டபத்துக்கு அல்ல. வெளிக்காட்டிலிருந்து பெண்கள் திரும்பி, லோரியை விட்டு இறங்கி, கை கால் கழுவிக்கொண்டு நிற்கிற குழாயடிக்கு. நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்கவே இல்லை. டாக்டர் வருவதற்கு முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டான். முதல் நாள் சிரித்து மழுப்பினார்கள். மறுநாள் ஒருவர் ஆரம்பித்தார். அதன் பிறகு நிறுத்த முடியவில்லையாம். அவன் கேட்டு வந்ததில் சிலருக்கு மூன்று நாள் பட்டினி, சிலருக்குப் பாவக்காய்ச் சாறு, சிலர் ஒரு வாரத்து மாத்திரையை இரண்டே நாளில் சாப்பிடுகிறவர்கள்.

அவன் கேட்டு வந்ததை வைத்து ஷாமினி கேள்வித்தாளை மாற்றினாள். ‘மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, ஆம் அல்லது இல்லை’ என்ற பழைய கேள்வியை அந்தோணி படித்துக் காட்டி, மிஸ்ஸியிடம் போய் யாராவது ‘இல்லை’ என்று சொல்வார்களா என்று கேட்டான். அவள் பேனாவால் அடித்தாள். அந்த இடத்தில், ‘போன தடவை டாக்டர் வந்த வாரம் என்ன தே குடித்தீர்கள்? அதற்கு அடுத்த வாரம்?’ என்று எழுதினாள். லயத்தில் ஒரு வீடு விடாமல் இருவரும் ஏறி இறங்கினார்கள்.

சண்டையும் வந்தது. வராமல் இருக்குமா? மூன்று நாள் பட்டினியைத்தான் அறிக்கையின் தலைப்பில் போட வேண்டும் என்று அந்தோணி நின்றான். நானும் அவன் பக்கம். ஷாமினி கணக்கெடுப்பைக் காட்டினாள். மூன்று நாள் பட்டினி கிடப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பெரும்பாலோர் ஒரு நாள், இரண்டு நாள்தான். இதைப் பெரிதாக்கினால் செயற்குழுவில் ஒருவர் கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் மீதியையும் நம்ப மாட்டார்கள் என்றாள். மூன்று நாள் பட்டினி உள்ளே ஒரு வரியாகப் போனது. எனக்கு மனசில்லைதான். ஆனால் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. நல்லவேளை.

பிறகு அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். வேலைக் காட்டில் மயங்கி விழுந்த பெண்களின் பெயர்கள் பழைய பட்டியலில் இருந்தன. காரணம் என்ற கட்டத்தில் ‘வெயில்’ என்று போட்டிருந்தோம். ஷாமினி தேதிகளை எடுத்து வைத்துப் பார்த்தாள். ஒன்றைத் தவிர எல்லாம் வேன் வருகிற வாரம். மாத்திரையை மட்டும் சாப்பிட்டு, சோறு சாப்பிடாமல் செம்பனைக்கு உரம் போடப் போனால் சீனி இறங்கி விழாமல் என்ன ஆகும்? அந்தத் தேதிகள் ஆறு மாதமாக அவள் கணினிக்குள்ளேயே இருந்தன. எண்கள் பேசும் என்று பெருமையாகச் சொல்வோம். யாராவது சரியான கேள்வி கேட்டால்தான் அவை வாயைத் திறக்கும்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். நிஜமான அளவு. அதற்கு ஒரு பரிசோதனை உண்டு. கையில் ரத்தம் எடுத்து லேப்புக்கு அனுப்பினால், கடந்த இரண்டு மூன்று மாதமாக உடம்பில் சீனி எப்படி இருந்தது என்று சொல்லிவிடும். இரண்டு நாள் பட்டினியால் அதை ஏமாற்ற முடியாது. விரல் குத்தலில் அளவுகள் இவ்வளவு அழகாக இருக்கும்போது அது எதற்கு என்று வேனில் யாரும் அனுப்பியதில்லை. டாக்டரிடம் கேட்டேன். எடுக்கலாம் என்று உடனே சொல்லிவிட்டார். ஆனால் ஆட்கள் சம்மதிக்க வேண்டுமே? இவ்வளவு நாள் ஒளித்து வைத்ததைத் தங்கள் கையாலேயே எடுத்துக் கொடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

அந்த முகத்தோடுதான் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். சின்ன மாதா கோவில். பூசை முடிந்து பெண்கள் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். லூர்துமேரி அக்கா என்னைப் பார்த்து ஓரமாக வந்தார். நான் எதையும் மறைக்கவில்லை. செயற்குழு என்ன யோசிக்கிறது, அறிக்கையில் நாங்கள் என்ன எழுதியிருந்தோம், என் கையெழுத்து உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. தலையில் போட்டிருந்த முக்காட்டை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

“இப்ப நெசத்தக் காட்டுனா, நாங்க சொல்பேச்சுக் கேக்காத ஆளுங்கன்னு வேன நிறுத்திட மாட்டாங்களா மிஸ்ஸி?” என்று கேட்டார்.

என்ன பதில் சொல்வீர்கள்? நிறுத்த மாட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை பேரும் சம்மதித்திருப்பார்கள். வாய் வரை வந்தது. பொய்யான ஓர் எண்ணைத் திருத்தப் போய் நான் ஒரு பொய் சொல்வதா?

“நிறுத்த மாட்டாங்கன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுக்கா. ஆனா இப்ப இருக்கற நம்பரோட போனா கண்டிப்பா நாலு மாசத்துக்கு ஒருக்காத்தான் வருவாங்க. அது மட்டும் எனக்குத் தெரியும்.”

யாருடைய அளவையும் இனி சத்தமாகச் சொல்ல விட மாட்டேன் என்றேன். அது என் கையில் இருந்தது, அதனால் சொன்னேன். அவர் மற்ற பெண்களோடு போய் நின்றுகொண்டார். வீடு வரும் வரை காரில் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

கிளினிக் நாள் வந்தது. மண்டபத்தில் நான்தான் முதல் ஆள். ரத்தம் எடுக்கும் மேசைக்கு ஒரு திரை கட்டியிருந்தோம். சம்மதப் படிவத்தைப் பிடித்துக்கொண்டு ஷாமினி ஒரு பக்கம், அந்தோணி ஒரு பக்கம். வழக்கமான வரிசை வழக்கமான மேசைக்கே போனது. திரைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. கால் மணி நேரம். அரை மணி நேரம்... அந்தோணி என்னைப் பார்த்தான், நான் வாசலைப் பார்த்தேன்.

லூர்துமேரி அக்கா தாமதமாகத்தான் வந்தார். தனியாக வரவில்லை. குழாயடிப் பெண்கள் பாதிப்பேர் பின்னால். படிவத்தை அந்தோணி முழுதாகப் படித்துக் காட்டும் வரை நின்று கேட்டார். கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுவேன் என்று சொல்லிப் போட்டார். திரைக்குப் பின்னால் போய்ச் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்த மேசையில் மத்தியானம் வரை நாற்காலி காலியாகவில்லை.

லேப் முடிவுகள் வந்தன. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ‘வெரி குட்’ வாங்கியவர்களில் பலருக்கு அளவு எல்லை தாண்டியிருந்தது. அக்காவுக்கும்தான்.

இரண்டு நாள் உட்கார்ந்து புது அறிக்கை எழுதினோம். முன்பாதி பின்பாதி கிடையாது. ஒவ்வொரு வரியிலும் ஓர் ஆள், பெயர் இல்லாமல். கிளினிக் நாள் அளவு, அதற்குப் பக்கத்தில் லேப் அளவு, அதற்குப் பக்கத்தில் அந்த வாரம் என்ன சாப்பிட்டேன், ஏன் அப்படிச் செய்தேன் என்று அவர் சொன்னது. மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வரி புரியும். ஒன்றைக் கிழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள முடியாது. இந்தப் பயிற்சியில் நான் பல வருஷமாகச் சொல்ல நினைத்தது அந்த அட்டவணைதான். அதைப் போட்டவர்கள் என்னவோ அவர்கள் இருவரும்.

வெள்ளிக்கிழமை கோலசிலாங்கூர் டவுனில் கூட்டம். ஷாமினி பேசினாள், அந்தோணி பேசினான். முடித்ததும் குழுவில் மூத்தவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: இத்தனை மாதம் வேன் போயும் சீனி குறையவில்லை என்றால் அங்கே போய் என்ன பிரயோஜனம்?

கோவில் வாசலில் அக்கா கேட்ட அதே கேள்வி. அவருக்கு இந்த ஆட்களை என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நான் எழுவதற்குள் டாக்டர் எழுந்துவிட்டார். வேனில் போகிற அதே டாக்டர், அதிகம் பேசாத மனிதர். அறிக்கையின் முதல் வரியில் விரலை வைத்தார். அது அக்காவின் வரி. அங்கே பெயர் இல்லை, ஆனால் தான் மாதாமாதம் பார்த்த அளவு அவருக்குத் தெரியாதா?

“இவங்களுக்கு மருந்த ரெண்டு தடவ கொறச்சது நான். அந்த நம்பரப் பாத்துத்தான் கொறச்சேன். இத்தன மாசமா நான் இவங்களுக்கு வைத்தியம் பாக்கல, நம்பருக்குத்தான் பாத்திருக்கேன். இனிமேத்தான் ஆரம்பிக்கணும். இப்ப வேன எடுக்கறீங்கன்னா, என்னால ஒத்துக்க முடியாது,” என்றார்.

ஷாமினி அந்த மயக்கத் தேதிகளை இன்னொரு முறை காட்டினாள். விவாதம் நடந்தது. ஒரு வருஷத்துக்கு வேன் மாதாமாதம் தொடரும் என்று முடிவானது. அளவை எழுதி மடித்துக் கையில் கொடுப்பார்கள். சத்தமாகச் சொல்வது இனி இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று போய்ப் பரிசோதித்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். அது வைத்தியமா, ரெய்டா என்று கேட்டேன். அதோடு விட்டுவிட்டார்.

செரண்டா ஆட்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். அது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவருக்கு இல்லை என்கிற நிலைக்கு ஆய்வு மருந்தாகாது, இன்னொரு வேன்தான் மருந்து. அதற்கான விண்ணப்பத்தை ஷாமினியும் அந்தோணியும் எழுதுகிறார்கள். கிடைக்கிற வரை எழுதுவோம். விடுவதாக இல்லை.

போன வாரம் அந்தத் தோட்டத்தில் கிளினிக் நாள். லூர்துமேரி அக்கா முறை வந்தது. தாதி விரலில் குத்தி, எழுதி, மடித்துக் கொடுத்தார். அக்கா பிரித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன், தப்புதான். இதுவரை அவர் பெயருக்கு நேரே நாங்கள் பார்த்திராத பெரிய எண். அவர் அதை மறுபடி மடிக்கவில்லை. நேரே டாக்டர் மேசைக்குப் போய், காகிதத்தை விரித்து, அவர் முன்னால் வைத்தார்.

“இது என் நெசமான நம்பரு டாக்டரு. இதப் பாத்து மருந்து குடுங்க.”

அறிக்கையில் இந்த வரியைச் சேர்க்க ஆசை. அதைக் கொடுத்து முடித்தாகிவிட்டது. அதனால் உங்களிடம் கொடுக்கிறேன்.